விராலடிப்பான் கூட்டு மேடை: திட்டம் போட்டாச்சு, எங்கே தப்பு என்று சொல்லுங்கள்

ஓடைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

இடம்: அமெரிக்காவின் மேரிலாந்து, செசபீக் விரிகுடாவில் போய்ச் சேரும் ஓர் உப்போடை. இரு கரையிலும் சதுப்புப் புல். அலை ஏற்றம் சேற்றிலிருந்து 2 அடிக்குள் அடங்கும். போன வருடம் ஒரு சோடி விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் கழுகு, ஆங்கிலத்தில் ஆஸ்பிரே) படகுத்துறைக் கட்டையில் குச்சி போட்டுப் பார்த்து, நிற்காமல் விழுந்ததால் விட்டுவிட்டது. குடியிருப்போர் சேர்ந்து ஒரு மேடை எழுப்பலாம் என்று முடிவு.

கையில் இருக்கும் திட்டம்: 4 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை. 12 அடி நீளமுள்ள 4க்கு 4 அங்குலக் கட்டை. கரையோர ஓக் மரங்களை ஒட்டி நட்டால் காற்று அடிக்காது. ஏப்ரல் முதல் வாரம் ஆள் கிடைக்கும். செலவைப் பற்றிக் கவலையில்லை, தப்பை மட்டும் சொல்லுங்கள்.

---

கூடுமுடைவான்

நாலு வரித் திட்டத்தில் நாலும் தப்பு. கோபிக்காதீர்கள், எல்லோரும் தொடங்குவது இப்படித்தான்.

1. ஏப்ரல் பிந்திவிடும். செசபீக்குக்குப் பறவை வருவது மார்ச் தொடக்கத்தில். மார்ச் நடுவில் எந்த ஓடையைப் பார்த்தாலும் குச்சி சுமக்கிற ஆண் தெரியும். ஏப்ரல் நடுவில் முட்டை. நீங்கள் ஏப்ரலில் கம்பம் நட்டால், சோடி அதற்குள் வேறு இடம் பிடித்திருக்கும். இல்லையென்றால் பக்கத்துக் கூட்டில் முட்டையிடப் போகிறதை நீங்களே கலைப்பீர்கள். பிப்ரவரி முடிவதற்குள் வேலை முடியணும். முடியாதா, செப்டம்பருக்குத் தள்ளுங்கள்.

2. பிளைவுட் வேண்டவே வேண்டாம். மழைத் தண்ணீர் நிற்கும், கூட்டின் அடி ஊறும், முட்டை குளிரும். இரண்டு மூன்று வருடத்தில் பலகை உரிந்து கூடு மொத்தமாகச் சரியும். அடித்தளம் ஒழுகணும். சட்டம் அடித்து, நடுவில் குறுக்குச் சட்டங்கள், மேலே துத்தநாகப் பூச்சுள்ள அரை அங்குலக் கம்பிவலை. வலையில் குச்சி சிக்கி நிற்கும், தண்ணீர் இறங்கிப் போகும்.

3. 12 அடி போதாது. சேற்றில் 5 அடி போனால் வெளியே 7தான். ஏற்றத்தில் தண்ணீருக்கு மேல் 5. ரக்கூனுக்கு (மரமேறிக் கூட்டைக் கொள்ளையடிக்கும் அமெரிக்க விலங்கு) அது ஒரு படிக்கட்டு மாதிரி. 16 அடிக்குக் குறையாமல் வாங்குங்கள்.

4. ஓக் மரத்தை ஒட்டி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். அந்த மரத்தில்தான் கொம்பு ஆந்தை இரவில் உட்கார்ந்து பார்க்கும். குஞ்சு மூன்று வாரம் ஆகும்போது ஒவ்வொரு இரவும் ஒன்று காணாமல் போனால் பெரும்பாலும் ஆந்தைதான். மரவரிசையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, திறந்த சதுப்பின் நடுவே. காற்று அடித்தால் அடிக்கட்டும். விராலடிப்பானுக்கு நாலு பக்கமும் பார்வை திறந்திருக்கணும், இறங்கி ஏற வழி இருக்கணும்.

அனுமதி: அலை ஏறும் சதுப்பு உங்கள் பத்திரத்தில் இருந்தாலும் மாநில ஈரநிலத் துறையைக் கேட்காமல் கம்பம் இறக்காதீர்கள்.

---

ஓடைக்கரை

நல்லவேளை கேட்டேன். மேடையின் அளவையும் சொல்லிவிடுங்கள் அண்ணே. 4 அடி அதிகமா?

---

கூடுமுடைவான்

3 அடி சதுரம் போதும். உள்ளளவு 36 அங்குலம். பெரிதாகப் போட்டால் காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், கட்டை சாயும்.

- சட்டம்: 2க்கு 6 அங்குல செடார், நாலு பக்கமும் நிமிர்த்தி. விளிம்பு எழும்பி நின்றால்தான் முதல் வருடக் குச்சி பறக்காது. தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கும் கம்பம் மட்டும் அழுத்த மருந்தேற்றிய மரம்.
- அடி: 2க்கு 4 குறுக்குச் சட்டம் இரண்டு, கட்டையின் தலையை இரு பக்கமும் கவ்வும்படி. அதன் மேல் வலை.
- முட்டு: 45 பாகையில் நாலு. கட்டையில் முட்டின் கால் மேடைக்கு 2 அடி கீழே வரும்.
- ஆணி எங்கும் வேண்டாம், துளை போட்டு போல்ட். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்தது அல்லது ஸ்டெயின்லெஸ். வாஷர் பெரியதாக. சாதாரண ஸ்க்ரூ உப்புக்காற்றில் தலை கரைந்துவிடும், மரம் நன்றாகவே இருக்கும், மேடை மட்டும் தொங்கும்.
- இருக்கைக் கொம்பு: ஒரு பக்கச் சட்டத்திலிருந்து மேடைக்கு 3 அடி மேலே எழும்பும் ஒரு கட்டை, அதன் தலையில் குறுக்காக ஒரு சட்டம். ஆண் மீனைக் கொண்டுவந்து தலையை அங்கே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் மிச்சத்தைக் கூட்டுக்குக் கொடுக்கும். கொம்பு இல்லாத மேடையை அது ஏற்காது என்றில்லை, இருந்தால் விரும்பும்.

முடிந்ததும் ஒரு கை நிறையக் காய்ந்த குச்சியை வலையில் செருகி விடுங்கள், கட்டைவிரல் பருமன், இரண்டு மூன்று அடி நீளம். வெறும் மேடையைவிட ஏற்கெனவே யாரோ தொடங்கிய கூடு போலத் தெரிந்தால் சீக்கிரம் பிடிக்கும்.

---

சேற்றுக்கால்

கம்பம் இறக்கும் வேலையை யாரும் சொல்லவில்லை. சதுப்பில் கடப்பாரை போட்டுக் குழி தோண்ட முடியாது, தோண்டத் தோண்ட மூடும். தண்ணீர் பீய்ச்சித்தான் இறக்கணும்.

பெட்ரோல் பம்ப், உறிஞ்சும் குழாய் ஓடையில். வெளியேறும் குழாயின் முனையில் ஓர் அங்குல பிவிசி, 8 அடி நீளம். பிவிசியைக் கட்டையின் அடியோடு ஒட்டிப் பிடித்து பம்பை ஓட்டினால் முனைக்குக் கீழே சேறு கூழாகும், கட்டை தன் எடையிலேயே இறங்கும். இரண்டு பேர் கட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கொடுக்கணும், ஒருவர் பிவிசி, ஒருவர் கட்டை நேராக நிற்கிறதா என்று நீர்மட்டக் கருவியால் பார்க்க. கருவியைப் பக்கத்துப் பக்கமாக இரண்டு முகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் பார்த்து, மறுநாள் கட்டை பைசா கோபுரமாக நிற்பது சகஜம்.

5 அடி போனதும் பம்பை நிறுத்துங்கள், பிவிசியை முதலில் உருவுங்கள். கட்டையை 10 நிமிடம் பிடித்தபடி நிற்கணும். சேறு இறுகுவதற்கு ஓரிரு அலை ஏற்ற இறக்கம் ஆகும், அதுவரை மேலே ஏணி சாய்க்காதீர்கள். அதனால்தான் மேடையைக் கட்டையில் பூட்டியபின் மொத்தமாக நிமிர்த்தி இறக்குவது நல்லது. எடை கூடும், ஆறு பேர் வேண்டும், ஆனால் ஏணி வேலையே இல்லை.

இறக்கம் ஆரம்பிக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஏற்றத்தில் படகில் சாமான் போகும், இறக்கத்தில் சேற்றில் நிற்கலாம்.

---

நீலவளையம்

மிருகத் தடுப்பு?

---

சேற்றுக்கால்

தகடு. 3 அடி உயர அலுமினியத் தகட்டை நாலு முகத்திலும் சுற்றி அடித்தால் போதும்.

---

நீலவளையம்

போதாது என்பேன். 4க்கு 4 என்று விற்கும் கட்டை உண்மையில் மூன்றரை அங்குலம். ரக்கூன் இரு கையாலும் எதிரெதிர் மூலைகளை அணைத்து ஏறும், தகட்டின் மூலை மடிப்பே அதற்குப் பிடிமானம். அதிலும் துத்தநாகத் தகடு துருப்பிடித்துச் சொரசொரப்பானால் கேட்கவே வேண்டாம். கூம்புதான் சரி, 3 அடி விட்டம், விரித்துப் பிடித்த குடை மாதிரி. இல்லையென்றால் புகைபோக்கிக்குப் போடும் 8 அங்குல வட்டக் குழாயைக் கட்டையைச் சுற்றி மாட்டுங்கள், அதை அணைத்து ஏற முடியாது, பாம்புக்கும் வழுக்கும்.

---

சேற்றுக்கால்

கூம்பு காற்றில் கழன்று பாதிக் கம்பத்தில் தொங்குவதைச் சதுப்பு சதுப்பாகப் பார்க்கலாம். வட்டக் குழாய் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதன் மேல்வாயை மூடணும், இல்லாவிட்டால் சிறு பறவைகள் உள்ளே விழுந்து வெளியே வர முடியாமல் சாகும்.

---

நீலவளையம்

மூடி, ஆமாம். அதை எழுத மறந்தேன்.

---

பைன்காடு (ஸ்கொட்லாந்து)

இஞ்ச முறை வேறை. கம்பமும் உண்டு, ஆனால் பெரும்பாலும் உயிரோடை இருக்கிற ஸ்கொட்ஸ் பைன் மரத்தின்ரை உச்சியிலைதான் கூடு கட்டிக் குடுக்கிறது. பறவைப் பாதுகாப்பாளர் ரோய் டென்னிஸ் 1960களிலை இருந்து செய்து காட்டின வேலை இது.

உச்சி தட்டையாய் விரிஞ்ச மரமாய்ப் பாக்கவேணும், சுத்தியுள்ள மரங்களைவிட உயரமாய். உச்சிக் கொம்பை அறுத்து, கிளைகள் பிரியிற இடத்திலை மூண்டு நாலு தடிச்ச கம்புகளைக் குறுக்கை வைச்சுக் கட்டவேணும். அதுக்கு மேலை பெரிய குச்சி, பிறகு சின்னன், நடுவிலை பாசியும் புல்லும். ஒரு மீற்றர் அகலத்துக்குக் குறையக் கூடாது. கடைசி வேலைதான் சுவாரசியம்: விளிம்பிலும் கீழ்க்கிளையிலும் வெள்ளைப் பெயின்ற் தெறிச்சு விடுறது. எச்சம் மாதிரித் தெரியும். "இஞ்ச ஒரு சோடி இருந்திருக்கு" எண்டு மேலை பறக்கிற இளசு நினைச்சு இறங்கும்.

ஏன் இவ்வளவு பாடு? இளம் ஆண் திரும்பி வந்தால் பிறந்த இடத்துக்குக் கிட்டத்தான் கூடு தேடும். தானாய்ப் புது மாவட்டத்துக்குப் பரவ எத்தினையோ வருசம் எடுக்கும். அதாலைதான் 1996இலை இருந்து ஸ்கொட்லாந்துக் குஞ்சுகளை ஆறு கிழமை வயசிலை எடுத்து, இங்கிலாந்திலை ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோனவை. ஆக்களின்ரை முகம் தெரியாமல் அடைப்பிலை மீன் குடுத்து, பறக்க விட்டவை. 2001இலை முதல் குஞ்சு. தென் இங்கிலாந்தின்ரை பூல் துறையிலை 2017இலை தொடங்கி 2022இலை குஞ்சு.

---

தாழைமடல்

முட்டைத் திருட்டு பற்றிப் பைன்காடு சொல்லணும். அங்கே மேடையைவிடக் காவல்தானே பெரிய வேலை?

---

பைன்காடு

ஓம். பிரித்தானியாவிலை கூடு கட்டுறது 1916ஓடை அற்றுப்போச்சு. சுட்டதும் முட்டை சேர்த்ததும்தான் காரணம். 1954இலை திரும்பி வந்து ஸ்கொட்லாந்தின்ரை லொக் கார்ட்டன் ஏரிப் பக்கம் கூடு கட்டினவை. 1958இலை காவல் இருக்கேக்கையே இரவிலை ஒருத்தன் ஏறி முட்டையை எடுத்திட்டுக் கோழிமுட்டைக்கு நிறம் பூசி வைச்சிட்டுப் போட்டான். அடுத்த வருசம் பறவைப் பாதுகாப்புச் சங்கத்து ஜோர்ஜ் வோட்டர்ஸ்ரன் தலைகீழாய் யோசிச்சார்: ஒளிக்கிறதை விட்டிட்டுச் சனத்தைக் கூப்பிட்டுக் காட்டுவம் எண்டு. 1959இலை கிட்டத்தட்ட 14,000 பேர் வந்து தூரத்திலை இருந்து கண்ணாடியாலை பாத்தவை. இவ்வளவு கண் பாக்கிற கூட்டிலை கை வைக்கக் கள்ளனுக்குச் சுகமில்லை.

ஆனால் முழுப் பாதுகாப்பு எண்டு ஒண்டில்லை. 1986இலை அதே லொக் கார்ட்டன் மரத்தைச் சங்கிலி வாளாலை அறுத்தவை. 2021 ஏப்ரல் கடைசியிலை வேல்ஸ் லின் பிரெனிக் நீர்த்தேக்கத்திலை, நீருக்குள்ளை நிண்ட மேடைக் கம்பத்தை இரவிலை படகிலை வந்து அறுத்து விழுத்தினவை, அதுவும் முதல் முட்டை இட்ட கையோடை.

காவலிலை முக்கியம் முட்டையிட்ட நாளிலை இருந்து பொரிக்கிற வரை, 37 நாள் மட்டிலை, 24 மணித்தியாலமும் முறைவைச்சு. கமெரா உதவும், ஆனால் சமிக்ஞை இல்லாத காட்டிலை கமெரா களவைப் பதிவு செய்யும், தடுக்காது. இங்கிலாந்திலையும் வேல்ஸிலையும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு முட்டைக் களவுக்குச் சிறை உண்டு, அது வந்தாப் பிறகுதான் சேகரிப்புக்காரர் உண்மையாய் அடங்கினவை.

---

ஓடைக்கரை

எங்கள் தெருவில் மின்கம்பத்தில் இன்னொரு சோடி குச்சி அடுக்குகிறது. மேடை எழும்பினதும் அந்தக் கூட்டைக் கழற்றி இதற்கு மாற்றலாமா?

---

கூடுமுடைவான்

நீங்கள் தொடவே கூடாது, மின்சாரக் கம்பெனியின் ஆள்தான் தொடணும். ஈரக் குச்சி இரண்டு கம்பிக்கு நடுவே விழுந்தால் மின்னோட்டம் அதன் வழியாகப் பாயும், கூடும் எரியும், கம்பமும் எரியும், தெருவே இருளும்.

முட்டையோ குஞ்சோ இருந்தால் சட்டப்படி அனுமதியில்லாமல் நகர்த்தக் கூடாது, 1918ஆம் ஆண்டுப் புலம்பெயர் பறவைச் சட்டம். முட்டைக்கு முன், இல்லாவிட்டால் இலையுதிர் காலத்தில்.

வெறுமனே இறக்கிப் போட்டால் மறுநாளே அதே கம்பத்தில் அடுக்கும். மூன்றும் சேர்ந்து நடக்கணும்: ஒன்று, பழைய கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் குச்சி நிற்காதபடி வட்ட பிவிசிக் குழாய் மாட்டுவது. இரண்டு, அதே நாளில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பழையதைவிட உயரமான மாற்றுக் கம்பம். தாழ்வாக வைத்தால் பறவை திரும்பியும் பார்க்காது. மூன்று, பழைய குச்சியை அப்படியே புதியதில் குவிப்பது. உங்கள் சதுப்பு மேடை தெருவிலிருந்து தெரியாது என்றால் இது தனி வேலை. கலக்காதீர்கள்.

ஜெர்மனியில் இதையே வேறு மாதிரிக் கையாண்டார்கள். அங்கே பெரும்பாலான சோடிகள் உயர் அழுத்தக் கோபுரங்களில்தான் கூடு கட்டுகின்றன, கோபுர உச்சியிலேயே கூடை பூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

---

மத்திக்கூட்டம்

எல்லோரும் மரவேலை பேசுகிறீர்கள். ஒரு கேள்வி: அந்த ஓடையில் மீன் இருக்கிறதா?

செசபீக்கின் உப்புக் கூடிய கீழ்ப்பகுதியில், மாப்ஜாக் வளைகுடா போன்ற இடங்களில், சில வருடங்களாகக் கூடு நிறைய, குஞ்சு இல்லை. எண்ணிக்கை குறையாமல் நிற்க ஒரு சோடிக்கு வருடத்துக்குச் சராசரி 1.15 குஞ்சு பறக்கணும். அங்கே ஒன்றுக்கும் வெகு கீழே. முட்டை பொரிகிறது, பிறகு பட்டினி. முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை, ஓரிரு நாள் இடைவெளி இருக்கும், மீன் குறைந்தால் மூத்தது தின்னும், கடைக்குட்டி சாகும். அதுவும் பற்றாவிட்டால் மொத்தமும் போகும். வில்லியம் அண்ட் மேரி கல்லூரி ஆய்வாளர்கள் மென்ஹேடன் குறைந்ததுதான் காரணம் என்கிறார்கள். நம் மத்தியின் பங்காளி மீன் அது, எண்ணெய் நிறைந்தது.

மேடை எழுப்பினால் பறவை வரும். வந்து பட்டினி கிடக்க மேடை எதற்கு?

---

நீலவளையம்

மென்ஹேடன்தான் காரணம் என்பதை மீன்பிடித் தொழில் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் கேள்வி நியாயமானது. அதே விரிகுடாவில் உப்புக் குறைந்த மேல் ஓடைகளில் குஞ்சு நன்றாகவே பறக்கிறது, அங்கே கெளுத்தி, ஷாட் என்று வேறு மீன் இருக்கிறது.

ஓடைக்கரை செய்யவேண்டியது எளிது: பக்கத்து ஓடைகளில் இருக்கும் கூடுகளை ஜூன் கடைசியில் தூரத்திலிருந்து எண்ணுங்கள். கூட்டுக்கு ஒன்று இரண்டு தலை தெரிகிறதா? தெரிந்தால் மேடை போடுங்கள். ஆண் நாளுக்கு எத்தனை மீன் கொண்டுவருகிறது என்றும் பாருங்கள். குஞ்சு மூன்றும் பெரிதானபின் ஐந்தாறாவது வரணும்.

---

தாழைமடல்

டிடிடி பூச்சிமருந்து தெளித்த காலத்தில் நிலைமை நேர்மாறு, மீன் இருந்தது, முட்டை நிற்கவில்லை. டிடிடி உடலில் டிடிஇ ஆக மாறி, ஓடு சுரக்கும் இடத்தில் கால்சியம் சேர விடாது. தாய் உட்கார்ந்தால் முட்டை நொறுங்கும். அமெரிக்காவில் 1972இல் தடை. தடைக்குமுன் கனெக்டிகட் ஆற்று முகத்தில் கெட்ட முட்டைகளுக்குப் பதிலாக மேரிலாந்திலிருந்து நல்ல முட்டைகளைக் கொண்டுபோய்க் கூட்டில் வைத்துப் பார்த்தார்கள். அவை பொரிந்தன, அதனால் குறை பறவையின் வளர்ப்பிலோ கூட்டின் இடத்திலோ இல்லை, முட்டைக்குள் இருக்கிறது என்பது தெளிந்தது. இன்று உங்கள் ஓடைக்கும் அதே முறை: முட்டை கெடுகிறதா, குஞ்சு சாகிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

---

தங்கூசி

பழவேற்காட்டிலிருந்து. பறவை கட்டும் கூட்டில் மனிதன் போடும் தூக்குக்கயிறு பற்றி யாரும் பேசவில்லையே.

விராலடிப்பானுக்குக் கூட்டின் உள்மெத்தைக்கு மெல்லிய நாராக எது கிடைத்தாலும் பிடிக்கும். மான்டனாவில் வைக்கோல் கட்டும் ஆரஞ்சு பிளாஸ்டிக் கயிறு, கடற்கரையில் தூண்டில் நரம்பு, பலூன் கயிறு. குஞ்சு காலைச் சுற்றும், வளர வளர இறுகும், ரத்தம் நின்று கால் அழுகும். பறக்கும் நாளில் எம்பும், கயிறு இழுக்கும், கூட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கும்.

கூட்டைச் சுத்தம் செய்வது பறவை போனபின் மட்டும், அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை. கயிறு, நரம்பு, பை எல்லாம் எடுக்கணும், குச்சியை எடுக்கக் கூடாது. மேடை தாங்காத அளவு ஏறிவிட்டால் மட்டும் மேலே இருப்பதைக் குறைத்து, அடியில் ஒரு சாண் விட்டுவிடணும். உருவி எடுக்காமல் கத்திரியால் வெட்டி வெட்டி எடுங்கள், உருவினால் பாதிக்கூடு கூடவே வரும்.

குஞ்சு சிக்கியிருப்பது தெரிந்தால் நீங்கள் ஏறாதீர்கள். ஏழு வாரம் ஆன குஞ்சு ஆளைக் கண்டால் குதிக்கும், பறக்கத் தெரியாது. உரிமம் உள்ள மீட்பாளரைக் கூப்பிடுங்கள். குஞ்சின் காலில் அடையாள வளையம் மாட்டுபவர்களும் அதனால்தான் ஐந்து ஆறு வாரத்துக்குள் வேலையை முடிக்கிறார்கள். கீழே விழுந்த குஞ்சைத் திரும்ப வைத்தால் மனித வாடைக்குத் தாய் ஒதுக்கும் என்பது கட்டுக்கதை, ஏற்றுக்கொள்ளும்.

---

வேதாரண்யம்காத்து

தங்கூசி அண்ணே, இங்கே கோடியக்கரையிலும் குளிர்காலத்தில் விராலடிப்பான் நிற்கிறதே. மே மாதம்கூட ஒன்று நின்றது. இங்கேயும் மேடை போட்டால் என்ன?

---

தங்கூசி

போட்டால் காக்காய் உட்காரும். தமிழ்நாட்டில் விராலடிப்பான் கூடு கட்டுவதில்லை, வலசை வந்து மீன் தின்றுவிட்டு மார்ச் ஏப்ரலில் வடக்கே போகும். மே மாதம் நின்றது ஒரு வயதுக் குஞ்சாக இருக்கும். முதல் கோடையை அவை குளிர்காலம் கழித்த இடத்திலேயே கழிக்கும், அதைப் பார்த்துவிட்டு இங்கே இனப்பெருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள்.

இங்கே வேண்டியது இரண்டு. தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரத்தையும் பழைய வலைக்கம்பையும் பிடுங்காமல் விடுவது, மடவை மீனைப் பிடித்துக்கொண்டு அது உட்கார இடம் அதுதான். இன்னொன்று, அறுந்த தங்கூசியை (தூண்டில் நரம்பை) கரையில் எறியாமல் சேர்ப்பது. அமெரிக்கத் துறைகளில் ஒரு சாண் விட்டமுள்ள பிவிசிக் குழாயை நிமிர்த்திக் கட்டி "நரம்பை இதில் போடு" என்று எழுதி வைக்கிறார்கள். இங்கேயும் ஏலக்கூடம் பக்கத்தில் வைக்கலாம்.

---

பைன்காடு

மேடை போட்டாப் பிறகு படகுக்காரரைக் கவனியுங்கோ. பெண் எழும்பி நிண்டு தலையை ஆட்டி விசிலடிச்சால் கிட்டப் போட்டியள் எண்டு அர்த்தம். பறந்தால் முட்டை குளிருது. அதைவிட வெயில் பொல்லாதது, இறகு முளைக்காத குஞ்சை வெறும் வெயில் சில நிமிசத்திலை கொண்டுபோடும். தாய் குடை மாதிரிச் செட்டை விரிச்சு நிக்கிறது அதுக்குத்தான். கயாக் சத்தம் போடாது எண்டு கிட்டக் கொண்டுபோறவைதான் கூடக் கலைக்கிறது, மோட்டர் படகு போயிடும், கயாக் நிண்டு பாக்கும். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

---

ஓடைக்கரை

திருத்திய திட்டம்: இந்த ஜூனில் பக்கத்துக் கூடுகளில் குஞ்சு எண்ணிக்கை. சரியாக இருந்தால் அக்டோபரில் மரவரிசைக்கு வெகு தள்ளி 16 அடிக் கம்பம், 5 அடி சேற்றில், 36 அங்குல மேடை, கம்பிவலை, 8 அங்குல வட்டக் குழாய் 3 அடி நீளம் மேல்வாய் மூடி. குழாயைச் சேற்றுக்கு 2 அடி மேலே தொடங்கலாம் என்று நினைக்கிறேன், ஏணி இல்லாமல் மாட்டிவிடலாம். கனடா வாத்து மார்ச்சிலேயே வந்து மேடையைப் பிடிக்கும் என்கிறார்களே, அதற்கு என்ன?

---

சேற்றுக்கால்

வாத்துக்கு: வெறும் தட்டை மேடைதான் அதற்குப் பிடிக்கும். குச்சியை நன்றாகக் குவித்து, நடுவில் குழி விடாமல் கூம்பாக வையுங்கள். முட்டையிட்டுவிட்டால் வாத்துக்கும் அதே சட்டம்தான், தொடக் கூடாது. ஒரு பருவம் பொறுக்கணும்.

குழாய் உயரம் தப்பு. 2 அடியில் தொடங்கினால் இறக்கத்தில் சேற்றில் நிற்கும் ரக்கூன் எம்பி மேலேயே கை போடும். வெளியே 11 அடி, மேடை 11இல், முட்டின் கால் 9இல். அரை அடி விட்டு, குழாயின் மேல்வாய் 8½, கீழ்வாய் 5½. ஏற்றத்தில்கூடத் தண்ணீருக்கு மேல் மூன்றரை அடி கிடைக்கும். கம்பத்தைக் கிடத்தி வைத்திருக்கும்போதே, முட்டுக்கு முன்னாடி குழாயை நுழைத்துவிடுங்கள். நிமிர்த்தினபின் நுழைக்க வழியில்லை.